சேவல் வயிற்று மூத்தகுடி

ஒரு காட்டில் ஒரு மடு இருந்தது. மடு இருந்ததால் கரையில் சேறு இருந்தது. சேறு இருந்ததால் அது யாருக்கு என்று சண்டை இருந்தது. சண்டை இருக்கிற இடத்தில் ஆபீஸ் முளைக்காமல் இருக்குமா? முளைத்தது. ஆலமரத்துப் பொந்தில் ‘வம்ச மூப்பு ஆணையம்’ என்று ஒரு பலகையை மாட்டி, தேவாங்கு கண்ணுச்சாமியை அதிகாரியாக உட்கார வைத்தார்கள். கண்ணுச்சாமிக்கு முகத்தில் முக்கால்வாசி கண். அவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு அந்த மகானுபாவர் எதைப் பார்த்தார், எதைக் கோட்டை விட்டார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. மடு வற்றி வற்றி, கடைசியில் வடகரை ஓரமாக ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் ஈரச்சேறு மிச்சம். அந்தச் சேற்றில் மண்புழு அழகுநாச்சி குடியிருந்தாள். அவள் என்கிறேன், ஆனால் அந்தக் குலத்தில் ஆண் பெண் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது, ஒவ்வொன்றும் இரண்டும்தான். பெயர் அழகுநாச்சி என்று அமைந்துவிட்டதால் அவள் என்றே வைத்துக்கொள்வோம். மண்புழுவுக்கு மூக்கு கிடையாது, தோலால்தான் மூச்சு விடும். தோல் காய்ந்தால் ஆள் காலி. மற்றவர்களுக்கு அந்தச் சேறு சொத்து, அழகுநாச்சிக்கு அது உயிர். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் வருகிற வேறு யாரும் நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

ராஜாவிடமிருந்து உத்தரவு வந்தது. ‘இந்தக் காட்டின் மூத்தகுடி எதுவோ அதற்கே சேறு. மற்றவர்கள் காலி செய்யவும்.’ ஏன் மூத்தகுடிக்கு, தோல் காய்கிறவனுக்கு என்று போடக்கூடாதா என்று கேட்டால் ராஜாவுக்கே தெரியாது. யாரோ எழுதி நீட்டினார்கள், அவர் நகத்தால் கீறிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அவ்வளவுதான், காட்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் பழமையாகிவிட்டார்கள். “மழைக்கே எங்க ஆளுங்கதான் பேர் வச்சாங்க” என்றது தவளை. “மரத்துக்கு நிமிந்து நிக்கக் கத்துக்கொடுத்ததே நாங்கதானே” என்றது குரங்கு. நேற்றுவரை கண்ணாடித் தண்ணீரில் முகம் பார்த்து நரைமயிரைப் பிடுங்கிக்கொண்டிருந்த பயல் அவன். இன்றைக்கு உடம்பெல்லாம் சாம்பலைப் பூசிக்கொண்டு இருமுகிறான்.

உண்மையிலேயே மூத்தவள் ஒருத்தி அங்கே இருந்தாள். மடுவின் பாறை இடுக்கில் ஒட்டிக்கிடந்த பஞ்சுப்பிராணி, கடற்பஞ்சுக்கு நன்னீர்ச் சொந்தக்காரி. நடக்கத் தெரியாது, பேசத் தெரியாது, வரிசையில் முண்டியடிக்கவும் தெரியாது. ‘ஆஜராகவில்லை’ என்று சொல்லி அவளைத் தள்ளிவிட்டார்கள். இனி அவள் இந்தக் கதைக்கு வரமாட்டாள்.

சரி, மூப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குக் கண்ணுச்சாமியிடம் ஒரு பெட்டி இருந்தது. பெட்டிக்குள் எச்சிலைத் துப்பினால், துப்பியவர் உடம்பில் எத்தனை உஷ்ஷாண்டிகள் இருக்கிறார்கள் என்று அது மணியடித்துச் சொல்லும்.

உஷ்ஷாண்டி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் அதுவரைக்கும் கொட்டாவி விட்டுக்கொண்டிருங்கள். படித்தவர்கள் இதை மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பார்கள். ஒவ்வொரு உடம்புக்குள்ளும் உள்ளறையிலிருந்து ஓயாமல் கட்டளைச் சீட்டு போய்க்கொண்டிருக்கும். ‘வாலை வளர்’, ‘மயிரை முளைக்க விடு’, ‘தோலைத் தடிப்பாக்கு’ என்று விடாமல் வரும். வருகிற சீட்டையெல்லாம் நிறைவேற்றினால் மூக்கில் வால் முளைத்துவிடும். அதனால் வழியில் சின்னஞ்சிறு ஆசாமிகள் நிற்பார்கள். வேண்டாத சீட்டு வந்தால் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு “உஷ்” என்பார்கள். சீட்டு அதோடு சரி. அடக்குவது ஒன்றைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை தெரியாது. அடக்குகிறவர்களால் உருப்பட்ட ஒரே இடம் உடம்புதான் என்று நினைக்கிறேன்.

இவர்களை யாரும் வேலைக்கு வைப்பதில்லை. மரபுச் சரக்கில் எங்கோ மூலையில் சும்மா கிடக்கிற ஒரு துண்டு, கொண்டை ஊசி மாதிரி தன்மேலேயே மடங்கி, ஒருநாள் திடீரென்று “உஷ்” என்று சொல்லிப் பார்க்கும். பெரும்பாலான துண்டுகளுக்கு அடக்க ஆள் கிடைக்காது, சில தலைமுறையில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஏதோ ஒன்றுக்கு மட்டும் சரியான சீட்டு மாட்டிவிடும். அப்புறம் அதைக் கிளப்ப முடியாது. மற்ற எல்லாமே அதை நம்பித் தங்களைச் சரிசெய்துகொண்டுவிடும். இப்படியே அப்பனைவிட மகனுக்கு, மகனைவிடப் பேரனுக்கு என்று காலங்காலமாக உஷ்ஷாண்டிகள் கூடிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

இதைக் கண்ணுச்சாமி எங்கோ காதில் வாங்கியிருந்தார். “வந்த உஷ்ஷாண்டி போகமாட்டான். அதனால யாருக்குக் கம்மியோ அவங்க முன்னாடி வந்தவங்க. யாருக்குக் கூடவோ அவங்க பின்னாடி வந்தவங்க.” இதுதான் அவருடைய விதி. பெரும்பாலும் போகமாட்டான் என்றுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரும்பாலும் என்பதை எழுதிக்கொள்ள அவருக்குச் சோம்பல்.

அழகுநாச்சி பனி காய்வதற்குள் கிளம்பினாள். ஈரமான பூவரச இலை ஒன்றைச் சுருட்டி, அதற்குள் படுத்தபடியே நகர்ந்து வந்து வரிசையில் சேர்ந்தாள். அவளுக்கு முன்னால் குரங்கு. துப்பினான். பெட்டி கோயில் மணி மாதிரி அடித்துத் தீர்த்தது. குரங்கு மார்பை நிமிர்த்திக்கொண்டு வரிசையைத் திரும்பிப் பார்த்தான்.

“பாத்தீங்களா எத்தனைன்னு! நம்மகிட்ட சரக்கு இருக்குல்ல!”

“இத்தனை பேரை வச்சிருக்கீங்கன்னா நேத்துப் பொறந்த வம்சம்னு அர்த்தம். தள்ளி நில்லுங்க. அடுத்தது யாரு?” என்றார் கண்ணுச்சாமி.

குரங்கு சாம்பலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அழகுநாச்சி பெட்டிமேல் ஏறித் தன் வழுவழுப்பைக் கொஞ்சம் தடவினாள். பெட்டி அளவோடு அடித்தது. கண்ணுச்சாமி தலையாட்டினார்.

“பரவாயில்லையேம்மா. தவளை, குரங்கு எல்லாரையும்விட உங்களுக்குக் கம்மிதான். இதுவரைக்கும் நீங்கதான் முன்னாடி.”

அழகுநாச்சிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இலைக்குள் சுருண்டுகொண்டு, சேற்றின் குளிர்ச்சியை நினைத்துக்கொண்டாள். இந்தக் கோடை தாண்டிவிட்டால் போதும், மழை வந்துவிடும், அப்புறம் காடு முழுக்கச் சேறுதான், எந்த ஆபீஸும் வேண்டாம்.

அப்போதுதான் வரிசையை இரண்டாகப் பிளந்துகொண்டு காட்டுச்சேவல் வெயிலுமுத்து உள்ளே வந்தார். பரம்பரை பரம்பரையாக அழகுநாச்சியின் ஆட்களைக் கொத்தித் தின்றே கொண்டை சிவந்த குடும்பம். அழகுநாச்சி இலைக்குள் ஒடுங்கினாள். நல்லவேளை, ‘வளாகத்தில் கொத்துதல் கூடாது’ என்று ஒரு பலகை தொங்கியது. அந்த ஆபீஸில் உருப்படியாக எழுதியது அது ஒன்றுதான்.

“வரிசையில வாங்க” என்றார் கண்ணுச்சாமி, ஒரு பேச்சுக்கு.

“எனக்கில்லைங்கய்யா. நம்ம வயித்துல ஒரு பெரியவரு குடியிருக்காரு. அவருக்குத்தான்” என்று சொல்லிவிட்டு வெயிலுமுத்து அலகை அகலமாகத் திறந்தார்.

உள்ளேயிருந்து ஒரு குரல் கமகமவென்று வந்தது, தின்ற புழுவின் வாடையோடு. “வணக்கம் ஐயா. நேர்ல எந்திரிச்சு வர முடியல. உடம்பு கொஞ்சம் நீளம்.”

அந்தக் குரல் அழகுநாச்சிக்குத் தெரிந்த குரல். அட, நம்ம சின்னான்! நாடாப்புழு சின்னான். புழுக்குலத்தில் ஏதோ ஒரு காலத்தில் இரண்டாகப் பிரிந்த பங்காளி வழி. மூத்த வழி மண்ணைத் தின்று பிழைத்தது. இளைய வழிக்குச் சின்னான் வகையறா என்றே பெயர். அந்த வகையறாவில் ஒருத்தன் எப்படியோ ஒரு கோழியின் குடலுக்குள் புகுந்தான். அங்கே எல்லாம் செரித்துத் தயாராக வந்து உடம்பைச் சுற்றி ஓடியது. தோலாலேயே உறிஞ்சிக்கொள்ளலாம். எதற்கு வாய்? போட்டான் வெளியே. இருட்டில் எதற்குக் கண்? அதையும் போட்டான். அடுத்தவன் குடலில் இருக்கிறவனுக்குத் தனிக் குடல் எதற்கு? அதுவும் போயிற்று. இவற்றுக்கெல்லாம் காவல் நின்ற உஷ்ஷாண்டிகளுக்கு அப்புறம் என்ன வேலை? அடக்கச் சீட்டே வராதபோது அவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இப்போது சின்னானிடம் மிச்சம் இருப்பது குடலைக் கவ்விக்கொள்ள ஒரு தலையும், பிள்ளை பெற நீளமாக ஓர் உடம்பும்தான். வாய் கிடையாது, ஆனால் பேச்சுக்கு என்ன குறைச்சல்? சேவல் வாய் இருக்கிறதே.

“மாதிரி வேணுமே பெரியவரே” என்றார் கண்ணுச்சாமி.

“இதோ அனுப்புறேன்.”

வெயிலுமுத்து மரியாதையாகத் திரும்பி நின்று, பெட்டிமேலேயே எச்சம் போட்டார். அதில் சின்னானின் வால்முனைத் துண்டு ஒன்று வெள்ளையாக நெளிந்தது. இந்த மாதிரி ஆட்கள் ஆபீஸுக்கு உடம்போடு வருவதில்லை, ஒரு துண்டை அனுப்பி வைப்பார்கள். கண்ணுச்சாமி ஓர் இலையால் மூக்கை மூடிக்கொண்டு பெட்டியைத் திருகினார். பெட்டி ஏதோ முனகிவிட்டு நின்றுபோனது.

கண்ணுச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்தார். தேவாங்கு எழுந்திருப்பது என்றால் சும்மாவா, அவர் எழுந்து முடிப்பதற்குள் வரிசையில் பாதிப்பேர் உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணில் நீர் கட்ட, சேவலின் திறந்த வாயைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“பெரியவரே! இவ்வளவு கம்மியா நான் பாத்ததே இல்ல. எல்லாரும் வர்றதுக்கு முன்னாடியே நீங்க வந்திருக்கீங்க. இந்தக் காட்டுக்கே நீங்கதான் மூத்தகுடி!”

“நமக்கு விளம்பரம் பிடிக்காதுய்யா. அதான் இத்தனை நாளா உள்ளேயே இருந்துட்டேன்” என்றது சேவல் வாய்.

அழகுநாச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலையை உதறிவிட்டு வெளியே வந்தாள். வெயில் சுள்ளென்று தோலில் ஏறியது, அவள் சட்டை பண்ணவில்லை.

“ஐயா, அநியாயமா இருக்கே! இவன் மூத்தகுடியா? இவன் எங்க பங்காளி! அதுவும் இளைய வழி!”

“ஆதாரம் இருக்காம்மா?”

“இருக்கு. எங்க புழு வம்சத்துக்குன்னே பின்னாடி வந்த உஷ்ஷாண்டி ஒருத்தன் உண்டு. எங்களுக்கும் நத்தைக்கும் அந்த மாதிரி ஆளுங்களுக்கும் மட்டும்தான் அவன். குரங்குக்குக் கிடையாது, தவளைக்குக் கிடையாது. இவனுக்குள்ள அவன் இருக்கானான்னு பாருங்க.”

கண்ணுச்சாமி வேண்டாவெறுப்பாகப் பெட்டியைத் திருகிப் பார்த்தார். இருந்தான். சின்னானின் துண்டுக்குள் குலத்து உஷ்ஷாண்டி சின்னதாக “உஷ்” என்றான். அழகுநாச்சி துள்ளினாள்.

“பாத்தீங்களா! ஒரு வீட்டுல மாடி இருக்கு, கீழ்வீடு இல்லைன்னா, மாடிதான் மொதல்ல வந்துச்சும்பீங்களா? கீழ்வீட்டை இடிச்சுட்டான்யா இவன்! இவன்கிட்ட எல்லாமே இருந்துச்சு. சேவல் வயித்துல சும்மா சோறு கிடைக்கவும் ஒண்ணொண்ணா தொலைச்சுட்டு நிக்கிறான். தொலைச்சவனும் இல்லாதவனும் ஒண்ணாய்யா?”

வரிசையில் ஒரு சலசலப்பு. தவளைகூட “அட, ஆமால்ல” என்றது. கண்ணுச்சாமி தம் பெரிய கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். தப்பு புரிந்துவிட்டது. புரிந்ததை ஒப்புக்கொண்டால் இதுவரை கொடுத்த மூப்புகளையெல்லாம் மறுபடி பார்க்கவேண்டும். அது எவ்வளவு வேலை! அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

“தொலைச்சதுக்குப் பெட்டி மணியடிக்காதும்மா. இருக்கிறதுக்குத்தான் அடிக்கும். அடிக்காட்டி இல்ல. இல்லைன்னா இருந்ததே இல்ல. விதி அதுதான்.”

“அப்ப அந்தக் குலத்து உஷ்ஷாண்டி?”

“அதுக்குத்தான் வர்றேன். அவர் உங்க பங்காளின்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க. ரொம்ப நல்லதாப் போச்சு. பெட்டிப்படி அவரு மூத்தவர். அப்ப உங்க குடும்பத்துலேயும் அவருதான் மூத்த வழி. சேறு மூத்தகுடிங்கிற முறையில பாதி, உங்க குடும்பத்து மூத்தவர்ங்கிற முறையில மீதி, முழுக்க அவருக்கே சேர்ந்துருச்சு. சண்டை சச்சரவுக்கு இடமே இல்ல பாருங்க.”

அழகுநாச்சிக்குத் தன் வாயாலேயே தன் வீட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று வயிறெரிந்தது. சேவல் வாய்க்குள்ளிருந்து சின்னான் குழைந்தான்.

“அக்கா, நீ என்னை மறக்காம இருந்தியே, அது போதும்க்கா எனக்கு.”

“ஏலே, நாசமாப் போறவனே, உனக்கு எதுக்குடா சேறு? வெளியே வந்தா வெயில்ல அப்பளமாப் பொரிஞ்சு போவியே!”

“எனக்கு எதுக்குக்கா? பிள்ளைகளுக்கு.”

அழகுநாச்சி அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவர்கள் முக்கியமான வார்த்தையைத்தான் காதில் வாங்கமாட்டார்கள்.

சேற்றைக் கையகப்படுத்தும் விழா நடந்தது. மூத்தகுடி நேரில் வந்து காலடி வைக்கவேண்டும் என்பது சட்டம். சின்னானுக்குக் காலும் இல்லை, வருகிற உத்தேசமும் இல்லை. வெயிலுமுத்து சேற்றின் நடுவில் நின்று முக்கினார். வெள்ளைத் துண்டுகள் பொலபொலவென்று விழுந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணுச்சாமி பூ தூவினார். பூவும் எச்சமும் சேற்றில் கலந்துபோயின.

கூட்டம் கலைந்தபிறகு அழகுநாச்சி கண்ணுச்சாமியின் காலடியில் போய் விழுந்தாள். இலை காய்ந்து சருகாகிவிட்டது. வால்பக்கம் தோல் வெடிக்க ஆரம்பித்திருந்தது. அவளுக்கு மானமும் ரோஷமும் இருந்ததுதான், ஆனால் மூச்சு முட்டும்போது அதையெல்லாம் எங்கே வைத்துக்கொள்வது?

“ஐயா, சொந்தம் வேண்டாம். ஓரமா ஒண்டிக்க ஒரு இடம் குடுங்க. இந்தக் கோடை மட்டும்.”

அதிகாரிக்கு இரக்கம் வந்தது. தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தவர்களுக்குச் சின்னச் சின்ன இரக்கம் நிறைய வரும். சேவலின் வாயருகே போய்ப் பேசிவிட்டு வந்து சொன்னார்.

“பெரியவரு பெருந்தன்மையா ஒத்துக்கிட்டாரு. நீங்க வாடகைக்கு இருக்கலாம். வாடகை என்னன்னா, நீங்க எப்பவும் செய்யுற வேலைதான். சேத்தைத் தின்னு பக்குவமா வெளியேத்தி வைக்கணும். ஒரு பிடிகூட மிச்சம் வைக்காம தின்னணும். அதுக்குப் பதிலா வெயிலுமுத்து வாடகைக்காரரைக் கொத்தமாட்டாரு. உறுதி எழுதி வாங்கியாச்சு.”

சேவல் கொத்தாது! அழகுநாச்சிக்குக் காதில் விழுந்தது அது ஒன்றுதான். அவள் குலத்தில் எவளுக்காவது இப்படி ஓர் உறுதி கிடைத்திருக்கிறதா? விழுந்து விழுந்து கும்பிட்டுவிட்டுச் சேற்றுக்குள் இறங்கினாள். குளிர்ச்சி தோலெங்கும் ஏற, இவ்வளவு நாளும் சும்மா கோபப்பட்டுவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. பகலில் வெயிலுமுத்து கரையில் வந்து நிற்பார். அவள் பயமில்லாமல் தலையை நீட்டுவாள். “என்ன அழகு, சௌக்கியமா?” என்பார். “உங்க தயவு” என்பாள். வெட்கக்கேடு.

அவள் தின்றாள். மண்ணைத் தின்றாள், மக்கிய இலையைத் தின்றாள், விழாவில் விழுந்த பூவைத் தின்றாள், பூவோடு கலந்திருந்ததையும் தின்றாள். வாடகை பாக்கி வைக்கக்கூடாதல்லவா?

கொஞ்ச நாளில் வயிற்றுக்குள் குறுகுறுவென்றது. வாயு என்று நினைத்தாள். அப்புறம் அந்த வாயு பேசியது.

“அத்தை, கொஞ்சம் தள்ளிப் படேன். நெருக்கமா இருக்கு.”

அழகுநாச்சி உடம்பை வளைத்து வயிற்றுப் பக்கம் திரும்பினாள். “யாரது?”

“நாங்கதான் அத்தை. சின்னான் பிள்ளைங்க. அந்த வெள்ளைத் துண்டுக்குள்ள முட்டையா இருந்தோம். அப்பா சொன்னாரு, அத்தை வீடு ரொம்ப விசாலம், போய் இருங்கன்னு.”

“ஐயோ, வெளியே போங்க! இது என் உடம்பு!”

“உடம்பு உன்னோடதுதான். நாங்க வாடகைக்கு இருக்கோம்னு வச்சுக்கோயேன்” என்றது ஒன்று. மற்றதெல்லாம் சிரித்தன. “எங்களுக்கும் இங்கே நிரந்தரமா இருக்க ஆசையில்ல அத்தை. இங்கே வளர்ச்சியே இல்ல. சேவல் வயித்துக்குப் போனாத்தான் நாங்க ஆளாக முடியும். நீதான் கூட்டிக்கிட்டுப் போகணும்.”

எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று அவள் கேட்கவில்லை. புழு சேவல் வயிற்றுக்குள் போக ஒரே வழிதான் இருக்கிறது, அது அவளுக்குத் தெரியாதா? அழுகையாக வந்தது. வெளியே நீரில்லை, உள்ளே இடமில்லை. இந்த அநியாயத்தைப் போய்ச் சொல்வோம், தப்பு செய்தவருக்குத் தப்பு தெரியும், இந்தத் தடவை எப்படியும் காப்பாற்றுவார் என்று நம்பி, வெடித்த தோலோடு ஆலமரத்துப் பொந்துக்கு ஊர்ந்தாள். வெயிலுமுத்து பின்னாலேயே நடந்துவந்தார். வாடகைக்காரரைக் கொத்தக்கூடாதே, அதனால் சும்மா துணைக்கு.

“ஐயா, இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. என் வயித்துக்குள்ளேயே குடிவந்துட்டாங்க. காலி பண்ணச் சொல்லுங்க.”

“உடம்பு யாருக்குன்னு தகராறா?” கண்ணுச்சாமி பெட்டியை இழுத்தார். “யாரு மூத்தவங்களோ அவங்களுக்கு. கொஞ்சம் தடவுங்க பாப்போம்.”

அழகுநாச்சி பெட்டிமேல் ஏறித் தன் வழுவழுப்பைத் தடவினாள். எங்கே போனாலும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் நிற்பது சின்னான் பிள்ளைகளுக்குப் பிறவிக்குணம். அழகுநாச்சியின் உஷ்ஷாண்டிகள் காலங்காலமாகப் பழகிய அடக்கத்தோடு பின்னால் நிற்க, அந்தக் குட்டிகளின் உஷ்ஷாண்டிகள் பெட்டிக்குள் முதலில் பாய்ந்தார்கள். பெட்டி ஏதோ முனகிவிட்டு நின்றுபோனது.

கண்ணுச்சாமி எழுந்தார். அதே மெதுவோடு எழுந்தார், அதே கண்ணீரோடு கும்பிட்டார்.

“அம்மா! நீங்களும் மூத்தகுடியா! அன்னைக்குப் பெட்டியில ஏதோ கோளாறு. என்னை மன்னிச்சுக்கணும்.”

இப்போது ஒன்று சொல்கிறேன், அழகுநாச்சியைத் தப்பாக நினைக்காதீர்கள். அந்த ஒரு நொடி, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிற்றில் இருக்கிறவர்களை மறந்தாள், வெடித்த தோலை மறந்தாள். உண்மையை அவள் தொண்டை கிழியக் கத்தியபோது ஒருத்தரும் கேட்கவில்லை, பொய்யாக ஒரு கும்பிடு கிடைத்ததும் உடம்பு சிலிர்த்துப் போயிற்று. கண்ணுச்சாமி ஓர் ஆலிலையில் நகத்தால் கீறி, அவள் கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் மாலையாக மாட்டிவிட்டார்.

“அப்ப சேறு எனக்குத்தானேய்யா?” என்றாள் அவள்.

“சேறு மூத்தகுடிக்கு. சந்தேகமே இல்ல.” கண்ணுச்சாமி உத்தரவைப் புரட்டினார். “ஆனா மூத்தகுடியோட விலாசம்னு இங்கே ஒண்ணு போட்டிருக்கு. சேவல் வயிறு. ஏற்கெனவே ராஜா நகம் வச்சாச்சு. மாத்த முடியாது. மூத்தகுடி விலாசத்துல இல்லாம வெளியே திரியுறது சட்டப்படி குத்தம்மா.”

“ஐயா, நான் வாடகைக்காரியாவே இருந்துட்டுப் போறேனே!”

“அது எப்படிம்மா முடியும்? மூத்தகுடி தன் சேத்துக்குத் தானே வாடகை குடுக்கிறதா? உங்க கௌரவம் என்னாகுறது? வாடகை உரிமை ரத்து.”

உள்ளேயிருந்து பிள்ளைகள் “அத்தை வாழ்க” என்று கத்தின. கண்ணுச்சாமி ஒரு கையை நீட்டி, ‘வளாகத்தில் கொத்துதல் கூடாது’ என்ற பலகையை, நல்ல காரியம் நடக்கிற இடத்தில் எதற்கு என்று திருப்பி வைத்தார்.

வெயிலுமுத்து கொண்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். “வாங்க பெரியம்மா” என்றார், ரொம்ப மரியாதையாக. ஒரே கொத்து. ஆலிலை மாலை மட்டும் அலகில் சிக்கிக்கொண்டது. அதைக் காலால் தள்ளிவிட்டார்.

அன்று சாயந்திரம் மழை கொட்டியது. மடு நிறைந்து, காடு முழுக்கச் சேறானது. அதில் குடியிருக்க ஒரு மண்புழுவும் இல்லை. கண்ணுச்சாமி தம் பொந்தில் உட்கார்ந்து, மூத்தகுடிகள் எல்லோரும் ஒரே விலாசத்தில் ஒற்றுமையாக வாழ்கிறார்கள் என்று ராஜாவுக்கு எழுதி அனுப்பினார். சேவல் வயிற்றில் சின்னான் நீளமாகப் படுத்துக்கொண்டு, செரித்து வந்த அக்காவைத் தோலால் உறிஞ்சினான்.

“அக்கா, இப்பத்தான்க்கா நாம ஒரே குடும்பம்” என்றான். அவனை “உஷ்” என்று அடக்க ஒருத்தரும் பாக்கியில்லை.

நீதி: முன்னோர் ஆக விரும்புகிறவர்கள் இருப்பதையெல்லாம் தொலைத்துவிட்டு நல்ல வயிறாகப் பார்த்துக் குடியேறவும். எதையும் தொலைக்காதவர்கள் அவசரப்பட வேண்டாம், அவர்களையும் அங்கேயே கொண்டுவந்து சேர்க்க ஆபீஸ் இருக்கிறது.